பழவேற்காட்டின் பழஞ்சின்னங்கள்



யூபிலி ஆண்டு என்பது திரும்பிப் பார்க்கும் ஆண்டு. நம் பங்கின் வளர்ச்சி, ஆலயம் எழுந்த வரலாறு, பணியாற்றிய குருக்கள், கன்னியர், உபதேசியார்கள் ஆகியோரின் தொண்டு பற்றியெல்லாம் இம்மலரின் மற்றப் பக்கங்களில் பலர் எழுதியுள்ளனர். மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது வேறு. நம் பங்கிலிருந்து மகிமை மாதாவைக் காணப் பழவேற்காட்டிற்குத் திருயாத்திரை போகிறோம். பேருந்திலிருந்து இறங்கி, ஆலயத்தில் செபித்து, ஏரிக்கரையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உண்டு, மாலையில் திரும்பிவிடுகிறோம். அவ்வூரின் வரலாற்றுச் சின்னங்களைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தால், அடுத்த முறை போகும்போது கண்ணைத் திறந்துகொண்டு பார்க்கலாமே என்பது அவர்கள் விருப்பம்.

நல்ல விருப்பந்தான். ஆனால் எழுத உட்கார்ந்தபோது, சென்ற யாத்திரையின்போது நம் மறைக்கல்வி வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வி என் நினைவை விட்டு அகலவில்லை. ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டு அவள், "சார், இதிலே நம்ம ஊர்க்காரங்க கல்லறை எது?" என்று கேட்டாள். அப்போது நான் பதில் சொல்லவில்லை. இக்கட்டுரையே அவளுக்கு என் பதில்.

ஊரும் பெயரும்

சென்னைக்கு வடக்கே, பொன்னேரி வழியாகச் சென்றால் சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. பழைய வேலங்காடு இருந்த இடம் என்பது பெயருக்குச் சொல்லப்படும் காரணம். போர்த்துக்கீசியர் இதனைப் பலியக்காத்தே என்றனர். ஒல்லாந்தர் பலியக்கட்டா என்று எழுதினர். ஆங்கிலேயர் நாவில் அது புலிக்காட் ஆயிற்று. விசயநகர மன்னர் காலத்தில் இவ்வூருக்கு ஆனந்தராயன் பட்டினம் என்றொரு பெயரும் இருந்தது.

கிழக்கே வங்கக் கடல். அருகே பழவேற்காட்டு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடி பெரியது இதுவே. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உள்ளே வரும். மழைக்காலத்தில் ஆரணியாற்று நீர் வந்து கலக்கும். இரண்டும் கலந்த நீரில் இறாலும் நண்டும் மடவையும் பெருகும். குளிர்காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். இங்குள்ள மீனவர்களிடையே 'பாடு' என்னும் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. இன்ன இடத்தில் இன்னார் இன்ன நாளில் வலை விரிக்கலாம் என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது அது. எந்தக் கல்லிலும் வெட்டப்படாத இந்தச் சட்டமும் ஒரு வரலாற்றுச் சின்னமே என்பது என் எண்ணம்.

கோயிலும் பள்ளிவாசலும்

ஐரோப்பியர் வந்த பிறகே இவ்வூருக்கு வரலாறு தொடங்கியது என்று எண்ணிவிடக் கூடாது. செம்பூராங்கல்லால் கட்டப்பட்ட ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இங்கு இருக்கிறது. இராமாயணக் காட்சிகளைச் சாண் அளவுக்கும் குறைவான சிறு சிறு சிற்பங்களாக அதில் செதுக்கியிருக்கிறார்கள். குனிந்து, அருகே சென்று பார்த்தால்தான் தெரியும்.

அதே ஊரில் இசுலாமியரின் பழைய பள்ளிவாசல்கள் உள்ளன. அரபு நாட்டு வணிகர்களின் வழிவந்தோர் என்று தங்களைக் கூறிக்கொள்ளும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கு வாழ்கின்றன. தொழுகை நேரத்தை அறியும் நிழற்கடிகாரம் ஒன்றும் பள்ளிவாசலில் உண்டு. அந்தத் தெருக்களில் பெண்கள் பனை ஓலையைச் சாயமேற்றிப் பெட்டிகளும் கூடைகளும் முடைவதைக் காணலாம். திருயாத்திரை போகும் நம் தாய்மார்கள் வாங்கிவரும் ஓலைப் பெட்டிகள் அவர்கள் கைவண்ணமே.

விசயநகரப் பேரரசு ஓங்கியிருந்த காலத்தில் கிழக்குக் கரையில் அதன் தலைசிறந்த துறைமுகம் பழவேற்காடே எனலாம். 1516-ம் ஆண்டையொட்டி எழுதிய போர்த்துக்கீசியரான துவார்த்தே பார்போசா, இத்துறையில் பெகு நாட்டு மாணிக்கக் கற்களும் கஸ்தூரியும் செம்பும் பாதரசமும் வந்து குவிந்ததையும், இங்கிருந்து வண்ணத் துணிகள் மலாக்காவுக்கும் சுமத்திராவுக்கும் பெகுவுக்கும் போனதையும் விவரித்துள்ளார்.

மகிமை மாதா ஆலயம்

நம் மக்களுக்கு மிக அருமையான சின்னம் மகிமை மாதா ஆலயம். போர்த்துக்கீசியரால் 1515-ல் நிறுவப்பட்டதென்பது வழிவழியாக வரும் செய்தி. சென்னை மயிலை உயர் மறைமாவட்டத்தின் மிகத் தொன்மையான ஆலயங்களில் இது ஒன்றாகப் போற்றப்படுகிறது. இன்று நாம் காணும் கட்டடம் புதியது. கட்டடம் மாறலாம், அவ்விடத்தில் முழந்தாளிட்ட மக்களின் தொடர்ச்சி மாறவில்லை.

இவ்வூருக்கும் புனித தோமையாரின் கல்லறைக்கும் உள்ள தொடர்பை நம்மில் பலர் அறியார். 1517-ம் ஆண்டில் மலாக்காவிலிருந்து கப்பலில் வந்த சில போர்த்துக்கீசியர் பழவேற்காட்டில் இறங்கினர். அவர்களுடன் பயணம் செய்த ஆர்மீனிய வணிகர் ஒருவர், கோஜா இசுகந்தர் என்பவர், அருகிலேயே அப்போஸ்தலரின் கல்லறை இருக்கிறது, காட்டுகிறேன் வாருங்கள் என்று அவர்களை மயிலாப்பூருக்கு அழைத்துச் சென்றார். அக்குழுவிலிருந்த தியோகோ பெர்னாண்டஸ் 1533-ல் நடந்த விசாரணையில் இதனைச் சாட்சியாகக் கூறியுள்ளார். 1523-ல் அக்கல்லறை தோண்டிப் பார்க்கப்பட்டது. ஆக, சாந்தோம் பேராலயத்தின் வரலாற்றை எழுதுபவர் எவரும் பழவேற்காட்டுத் துறையைத் தொடாமல் எழுத முடியாது. அந்தக் கல்லறைக்கு வழி காட்டியவர் ஐரோப்பியரும் அல்லர், குருவானவரும் அல்லர். கீழைநாட்டுக் கிறிஸ்தவ வணிகர் ஒருவரே என்பதும் குறிப்பிடத்தக்கது.

கெல்ட்ரியா கோட்டை

போர்த்துக்கீசியருக்குப் பின் வந்தவர்கள் ஒல்லாந்தர். 1610-ல் வேலூரிலிருந்து ஆண்ட விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதி, பழவேற்காட்டில் வணிகம் செய்ய அவர்களுக்கு உரிமை வழங்கினார். சாந்தோமில் இருந்த போர்த்துக்கீசியருக்கு இது பொறுக்கவில்லை. 1612-ல் வந்து பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். இனிச் சுவர் இல்லாமல் பிழைக்க முடியாது என்று கண்ட ஒல்லாந்தர் 1613-ல் கோட்டையைக் கட்டி முடித்தனர். அவர்கள் தலைவர் வெம்மர் வான் பெர்ச்செம் என்பவர். அவரது சொந்த மாநிலமான கெல்டர்லாந்தின் பெயரால் அதற்குக் கெல்ட்ரியா என்று பெயரிட்டனர்.

கிறிஸ்தவர்களே கிறிஸ்தவர்களைத் தாக்கிய கதை இது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கத்தோலிக்கர், சீர்திருத்த சபையார் என்ற பேதம் ஒருபுறமிருக்க, உண்மையில் அவர்கள் சண்டையிட்டது மிளகுக்கும் துணிக்குமே.

1690-ல் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை, சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடம் இதுவே. இங்கு நாணயச் சாலை இருந்தது. வெடிமருந்துச் சாலை இருந்தது. ஆங்கிலேயர்கூட 1621 முதல் சில காலம் இங்கு ஒல்லாந்தரோடு ஒட்டுக்குடித்தனம் நடத்திப் பார்த்து, ஒத்துவராமல் வெளியேறினர். பின்பு வடக்கே ஆர்மகானுக்குப் போய், அங்கும் நிலைக்காமல், 1639-ல் சென்னப்பட்டினத்தில் இடம் பெற்றனர். பழவேற்காட்டில் இடம் கிடைத்திருந்தால் சென்னை மாநகரின் கதையே வேறாக இருந்திருக்கும்.

இக்கோட்டை 1781-ல் ஆங்கிலேயர் கைக்குப் போய், திரும்பி, 1795-ல் மறுபடி போய், மறுபடி திரும்பி, கடைசியாக 1825-ல் நிரந்தரமாக ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று அங்கு போனால் முட்செடிகளும் அகழியின் தடமும் இடிபாடுகளுமே காணக் கிடைக்கும். வழிகாட்டி இல்லாமல் போனால் கோட்டைக்குள் நிற்கிறோம் என்பதே தெரியாது.

கோட்டையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு நல்ல மனிதர்களின் நட்பையும் சொல்ல வேண்டும். 1632 முதல் பத்தாண்டுகள் இங்கு ஒல்லாந்தரின் மறைப்பணியாளராக இருந்தவர் ஆபிரகாம் ரொகேரியஸ். பத்மநாபன் என்னும் பிராமணர் அவருக்கு நண்பரானார். நம் நாட்டுச் சமய நெறிகளையும் பழக்கவழக்கங்களையும் அவர் சொல்லச் சொல்ல, ரொகேரியஸ் குறித்துக்கொண்டார். அந்நூல் 1651-ல் லெய்டன் நகரில் அச்சாயிற்று. வடமொழிக் கவி பர்த்ருஹரியின் பாக்கள் ஐரோப்பிய மொழி ஒன்றில் முதன்முதலாக வெளிவந்தது அந்நூலில்தான். பத்மநாபனுக்கும் ரொகேரியசுக்கும் பொதுவாக இருந்த மொழி எது தெரியுமா? போர்த்துக்கீசியம்! கோட்டை போனது, நட்பில் விளைந்த நூல் நிற்கிறது.

கைலியின் கதை

ஒல்லாந்தர் ஏன் இந்த மணல்மேட்டில் கோட்டை கட்டினர்? கிழக்கே மொலுக்கஸ் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் விளைந்தன. அவற்றை வாங்க வெள்ளிக்காசு போதவில்லை. தீவு மக்கள் விரும்பியது சோழமண்டலத் துணி. சாயவேரில் தோய்த்த சிவப்பு, நீல அவுரியில் தோய்த்த நீலம், கட்டம் போட்ட கைலி ஆகியவற்றைக் கொடுத்தால்தான் வாசனைச் சரக்கு கிடைக்கும். சோழமண்டலக் கரை மொலுக்கஸின் இடது கை போன்றது என்ற பொருளில் ஒல்லாந்த அதிகாரி ஒருவர் 1612-லேயே எழுதினார். அந்த இடது கையின் தோள் பழவேற்காடு.

இன்றும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட கைலியை 'காயின் பெலிகாட்' என்பார்கள். காயின் என்றால் துணி. பெலிகாட் என்பது நம் பழவேற்காடு. நம் ஊர்ப் பெயரை இடுப்பில் கட்டிக்கொண்டு அங்கே கோடிக்கணக்கானோர் நடமாடுகின்றனர். ஊரில் தறிச் சத்தம் அடங்கிவிட்டாலும் பெயர் அடங்கவில்லை.

கால்வாயும் கலங்கரை விளக்கமும்

துறைமுகம் ஓய்ந்த பின் எழுந்த சின்னங்கள் இரண்டு. ஒன்று பக்கிங்காம் கால்வாய். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னர் 1837-ல் பழவேற்காட்டு ஏரி வரை நீட்டப்பட்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பெரும் பஞ்சத்தின்போது, பசித்த மக்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டுக் கால்வாய்ப் பணி விரிவாக்கப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. மண் சுமந்து கூலியாகத் தானியம் வாங்கிய கைகளின் பெயர் கால்வாய்க்கு இல்லை.

மற்றொன்று கலங்கரை விளக்கம். ஏரிக்கு அப்பால், கடலோர மணல்திட்டில், 1859-ல் முதலில் நிறுவப்பட்டது. அதனைச் சுற்றிய மீனவர் குடியிருப்புக்கு லைட்அவுஸ் குப்பம் என்றே பெயர். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் நாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள் காலையில், ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. அன்று படகும் வலையும் வீடும் இழந்தவர்களின் துயரத்தை நம் தலைமுறை நேரில் கண்டது.

ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம்

கடைசியாகப் பார்க்க வேண்டிய இடத்திற்கு வருவோம். சுற்றுமதிலோடு கூடிய ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. நுழைவாயிலின் இருபுறமும் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. 'மனிதா, நீயும் ஒருநாள் இப்படித்தான்' என்று அவை சொல்லாமல் சொல்லும். சாம்பல் புதனன்று குருவானவர் நம் நெற்றியில் இடும் சாம்பலும் இதையே சொல்கிறது.

உள்ளே எழுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள். சில கூம்புகளாக உயர்ந்து நிற்கின்றன. சில மண்டபங்கள் போல இருக்கின்றன. பல, நிலத்தோடு பதிந்த பெரிய கற்பலகைகள். அவற்றில் குலச்சின்னங்கள், கிரீடங்கள், பூவேலைகள், நேர்த்தியான ஒல்லாந்த எழுத்துக்கள். கெல்ட்ரியா கோட்டையின் உருவமே ஒரு கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. இன்னார், இன்ன பதவி வகித்தவர், இன்ன ஊரில் பிறந்தவர், இன்ன நாளில் இறந்தவர் என்று முன்னூறு ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்க முடிகிறது. தம் வீட்டிலிருந்து கடல் பல கடந்து வந்து, காய்ச்சலிலும் பேதியிலும் இளவயதில் மாண்டவர்கள் அவர்களில் பலர். அவர்களுக்காகவும் நாம் இரக்கம் கொள்ள வேண்டும். செபிக்கவும் வேண்டும்.

இங்கேதான் அச்சிறுமி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

கல் இல்லாதவர்கள்

பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் ஏற்றுமதியாகவில்லை, மனிதர்களும் ஏற்றுமதியாயினர். இதனைச் சொல்லும் பலகை எதையும் நான் அங்கு கண்டதில்லை. ஆனால் ஒல்லாந்தக் கம்பெனியின் கணக்கேடுகளில் இது தெளிவாக இருக்கிறது.

மொலுக்கஸ் பகுதியில் சாதிக்காய் விளையும் பாண்டா தீவுகளை ஒல்லாந்தர் 1621-ல் கைப்பற்றியபோது, அத்தீவுகளின் மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் நாடு கடத்தியும் தீர்த்தனர். பின்னர் தோட்டங்களில் வேலை செய்ய ஆளில்லை. பத்தாவியா என்று அவர்கள் அழைத்த இன்றைய ஜகார்த்தா நகரைக் கட்டவும் ஆள் வேண்டும். அதே சமயத்தில் சோழமண்டலக் கரையில் பஞ்சம். பசியால் தன்னையே விற்றவர்கள் உண்டு; பிள்ளையாவது பிழைக்கட்டும் என்று பிள்ளையை விற்ற பெற்றோர் உண்டு; போரில் பிடிபட்டு விற்கப்பட்டவர்கள் உண்டு; தரகர்களால் ஏமாற்றிக் கடத்தப்பட்டவர்களும் உண்டு. 1622, 1623 ஆகிய இரண்டே ஆண்டுகளில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து சுமார் 1,900 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமை படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் சீரழிந்தபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் கம்பெனி வாங்கியவர்கள் 8,000 முதல் 10,000 பேர். பெரும்பாலோர் இலங்கைக்கும், எஞ்சியோர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டனர்.

இக்கொடுமையை ஒல்லாந்தர் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் கைகழுவ முடியாது. போர்த்துக்கீசியரும் இதே கரையில் அடிமைகளை வாங்கினர், விற்றனர். ஆங்கிலேயரும் அவ்வாறே செய்தனர். விற்ற தரகர்கள் நம் நாட்டவரே. கண்டும் காணாதிருந்த ஆட்சியாளரும் நம் நாட்டவரே. 1992 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஆப்பிரிக்காவின் கோரே தீவில், அடிமைகளை அடைத்துவைத்த வீட்டில் நின்று, கிறிஸ்தவர்கள் இழைத்த அப்பாவத்திற்காக இறைவனிடம் மன்னிப்புக் கோரினார். அது ஆப்பிரிக்கக் கரையில். நம் கரையிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது என்பதை நாம் உணரவில்லை.

பழவேற்காட்டுக் கத்தரீனம்மாள்

ஆயிரக்கணக்கானோரில் ஒருவரின் வாழ்க்கை மட்டும் ஓரளவு தெரிகிறது. ஒல்லாந்தப் பதிவுகளில் அவர் பெயர் 'க்ரோட்டே கத்ரெயின் வான் பலியக்கட்டா'. தமிழில் சொன்னால், பழவேற்காட்டுப் பெரிய கத்தரீனம்மாள். 1630-ஐ ஒட்டிப் பிறந்தவர். தாய் தந்தையர் இட்ட பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. துறைமுகத்தின் பெயரே அவருக்குக் குலப்பெயராயிற்று.

பத்தாவியாவில் அடிமையாக இருந்த அவர், தம்மைத் தாக்கிய ஓர் ஆடவனை எதிர்த்துப் போராடியபோது அவன் உயிரிழந்தான். 1656-ல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்பு அது ஆயுள் முழுவதும் நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1657-ல் ஆப்பிரிக்காவின் தென்கோடியான நன்னம்பிக்கை முனையில் கொண்டுபோய் இறக்கப்பட்டார். அங்கு கோட்டைத் தலைவர் வான் ரீபேக் வீட்டில் துணி வெளுத்தார். 1669-ல் அவருடைய மகன் கிறிஸ்டோபல் ஞானஸ்நானம் பெற்றான். தந்தை ஒரு படைவீரர். பின்னர் அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது. 1671-ல், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட வங்காளத்தவரான அந்தோணி என்பவரை மணந்து குடித்தனம் நடத்தினார்.

அவருடைய மகன் கிறிஸ்டோபல் ஸ்னைமன், அகதிகளாக வந்த ஒரு குடும்பத்துப் பெண்ணை மணந்தார். தென்னாப்பிரிக்காவில் இன்று ஸ்னைமன் என்ற குலப்பெயருடன் வாழும் பெருங்குடும்பம் அவர்கள் வழிவந்ததே. நிறத்தைக் கொண்டு மனிதரைப் பிரித்த சட்டங்கள் 1948-க்குப் பின் அந்நாட்டில் இறுகியபோது, வெள்ளையர் என்று பதிவுசெய்யப்பட்ட எத்தனையோ ஸ்னைமன்கள், தங்கள் குலத்தாய் பழவேற்காட்டிலிருந்து வந்த ஓர் அடிமைப்பெண் என்பதை அறியாமலே வாழ்ந்திருப்பார்கள்! மனிதன் வரைந்த கோடுகள் எத்தனை பொய்யானவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்த அம்மையாரை நமக்குக் காட்டிக்கொடுத்தது கல் அன்று, ஏடு. ஒரு தண்டனைக் குறிப்பு, ஒரு ஞானஸ்நானக் குறிப்பு, ஒரு திருமணக் குறிப்பு. எழுதியவர் தம் கடமைக்காக ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரியால் ஒரு மனுஷி மறதியிலிருந்து மீட்கப்பட்டார்.

நாம் செய்யக்கூடியது

யூபிலி என்ற சொல்லின் வேர் எது? லேவியராகமத்தின் 25-ம் அதிகாரத்தைப் படியுங்கள். ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதி, நாடெங்கும் விடுதலையை அறிவித்து, விற்கப்பட்டவன் தன் சொந்த வீட்டிற்கும் தன் குடும்பத்திற்கும் திரும்ப வேண்டும் என்று ஆண்டவர் கட்டளையிட்டார். யூபிலி என்பது முதன்முதலில் தோரணமும் விருந்தும் அன்று. வீடு திரும்புதலே யூபிலி. பழவேற்காட்டிலிருந்து கப்பலேறியவர்களுக்கு அப்படி ஒரு யூபிலி வரவில்லை.

ஆகவே மூன்று காரியங்களைப் பங்கு மக்களின் சிந்தனைக்கு வைக்கிறேன்.

முதலாவது, அடுத்த திருயாத்திரையில் ஆலயத்தோடு நின்றுவிடாமல், கோயில், பள்ளிவாசல், கோட்டை, கல்லறைத் தோட்டம் எல்லாவற்றையும் நம் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டுவோம். கல்லின்மேல் ஏறி நிற்பதும் பெயரைக் கிறுக்குவதும் கூடாது என்பதையும் சொல்லிக் கொடுப்போம்.

இரண்டாவது, நம் பங்கின் பழைய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் செல்லரிக்காமல் காக்கப்பட வேண்டும். வீடுகளில் உள்ள பழைய புகைப்படங்களின் பின்புறத்தில், உள்ளே இருப்பவர்களின் பெயரை இன்றே எழுதி வையுங்கள். அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். கல் வைக்க வசதி இல்லாத ஏழைக்கும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. அந்த வரி நம் பொறுப்பில் இருக்கிறது.

மூன்றாவது, நவம்பர் 2-ம் நாள், இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாளன்று, நாம் கல்லறைத் தோட்டத்திற்குப் பூவும் மெழுகுதிரியும் கொண்டு போகிறோம். தம் வீட்டார் கல்லறையில் ஏற்றிய பிறகு, பெயர் தெரியாதோருக்காக நடுச் சிலுவையடியில் ஒரு திரி ஏற்றுவது நம் வழக்கம். இனி அந்தத் திரியை ஏற்றும்போது, பழவேற்காட்டுத் துறையிலிருந்து திரும்பி வராதவர்களையும், அவர்கள் எந்தச் சமயத்தவராயினும், நினைத்து ஒரு நிமிடம் நிற்போமாக.

அன்று கேள்வி கேட்ட சிறுமிக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். மகளே, நம் ஊர்க்காரர்களின் கல்லறை இந்த மதிலுக்குள் இல்லை. பாண்டாவின் சாதிக்காய்த் தோட்டத்திலும், ஜகார்த்தாவின் தெருவுக்கு அடியிலும், இலங்கையிலும், ஆப்பிரிக்காவின் கடைக்கோடியிலும் இருக்கிறது. அதன்மேல் கல் இல்லை. ஆனால் நீ கேட்டாயே, அந்தக் கேள்விதான் அவர்களுக்கு வைக்கப்பட்ட முதல் கல்.

மகிமை மாதாவின் பரிந்துரை நம் பங்கு மக்கள் அனைவருக்கும், பழவேற்காட்டில் வாழும் எல்லாச் சமயத்து மக்களுக்கும், கடல் கடந்து சிதறிய அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் துணை நிற்பதாக!